அடிப்பலகையின் கோத்திரம்

"பெட்டி சௌக்கியமா?"

எங்கள் அத்திம்பேர் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் கேட்கிற கேள்வி இதுதான். அந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல், யாருக்குப் பிரசவம் என்பதெல்லாம் அப்புறம். வாசலில் காலைக் கழுவிக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்பார். பெண்ணைக் கட்டிக்கொடுத்த இடத்துக்கு வந்த தகப்பனாரின் குரல் மாதிரி இருக்கும்.

அவர் என் அத்தையின் கணவர். கரமனையில் எங்கள் வீட்டுக்கு எதிர்ச் சரகில், அதாவது எதிர் வரிசை வீடுகளில், இருந்தார்கள். சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. அவர் பெயரைச் சொல்லிப் பிரயோஜனமில்லை. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அந்தப் பெயர்தான்.

ஓய்ந்த நேரத்தில் சின்னச் சின்ன மரப்பெட்டிகள் செய்வார். குங்குமச் சிமிழும் சீப்பும் வைக்கிற அளவு. ஏலக்காய், கிராம்பு போட்டு வைக்கிற அளவு. அவர் கடையில் மரம் வாங்கி ஒரு பெட்டிகூடச் செய்ததில்லை. உடைந்த ஜன்னல், உளுத்துப்போன கதவு, சாலை பஜார்க் கடைகளின் பின்புறம் குவிந்து கிடக்கிற காலிப் பெட்டி, இவைதான் அவருக்கு மரம். ஆபீசிலிருந்து வரும்போது கோட்டும் தலைப்பாகையுமாக, கக்கத்தில் ஒரு பலகையை இடுக்கிக்கொண்டு வருவார். மேலதிகாரி எதிரே வந்தாலும் பலகையை மறைக்க மாட்டார்.

"மத்தவா ஆத்துக்காரர் சாலைக்குப் போனா காய்கறி வரது. எங்காத்துக்காரர் போனா காய்கறி வந்த பெட்டி வரது" என்பாள் அத்தை.

பலகை வந்ததும் குறடு வைத்து ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்குவார். கிணற்றடிக் கல்லில் வைத்துச் சுத்தியலால் தட்டி நிமிர்த்துவார். நிமிர்ந்த ஆணி வாய்க்குள் போகும். உதட்டோரம் ஆணி வரிசையாக நிற்க, அப்படியே பேச்சும் நடக்கும். தெருக் குழந்தைகள் நாங்களெல்லாம் அவர் என்றைக்காவது ஒன்றை விழுங்குவார் என்று காத்துக்கொண்டிருந்தோம். அவர் விழுங்கவே இல்லை.

ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஆணி இல்லை, மூக்கு. எந்தப் பலகையானாலும் இழைப்பதற்கு முன்னால் மூக்கருகில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஓர் இழுப்பு இழுப்பார். பிறகு சொல்லுவார்.

"இது அச்சுவெல்லப் பெட்டி. நாகர்கோவில் வண்டியிலே வந்திருக்கு."

"இது சோப்புப் பெட்டியாக்கும். சீமையிலே பிறந்து சாலையிலே வாழ்க்கைப்பட்டது."

"இதுல பெருங்காயம் இருந்திருக்கு. இது குணம் இனிமே மாறாது. வேண்டாம், வெந்நீர் அடுப்புக்குப் போட்டுடு."

இதற்கு அவர் வைத்த பெயர் கோத்திரம் சொல்லுகிறது. தெருவில் யார் வீட்டில் பலகை கிடைத்தாலும் கொண்டுபோய் அவரைச் சோதித்துப் பார்ப்பார்கள். தவறியதில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். அவரும் அதை மறுத்ததில்லை.

கோத்திரம் சொல்லுகிறதோடு நின்றாரா? பெட்டி கூட்டுகிறதிலும் அந்தச் சட்டம்தான். ஒரே பெட்டியிலிருந்து வந்த இரண்டு பலகையைப் பக்கத்தில் பக்கத்தில் சேர்க்கவே மாட்டார். "ஒரே கோத்திரத்துல சம்பந்தம் பண்ணலாமோ?" என்பார். அதனால் அவர் செய்த பெட்டி ஒவ்வொன்றிலும் பக்கத்துக்கு ஒரு நிறம் இருக்கும்.

தெருக்கோடியில் வேலை செய்ய வந்த ஆசாரி ஒரு நாள் பார்த்துவிட்டுச் சிரித்தார். "சாமி, நாலு மாதிரி மரத்தைச் சேர்த்தா மழைக்கு ஒண்ணு வீங்கும், ஒண்ணு சும்மா இருக்கும். பெட்டி பிரிஞ்சு போகும்."

"நாலு ஆத்துலேருந்து வந்த மாட்டுப்பொண்கள் ஒரு அடுக்களையிலே இருக்காளே, அவா என்ன பிரிஞ்சா போயிட்டா? அதுபாட்டுக்கு இருக்கும் ஓய்" என்றார் அத்திம்பேர், ஆணிகளுக்கு நடுவே.

ஆசாரி சொன்ன வஜ்ஜிரப் பசையையும் அவர் தொடவில்லை. அது மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுக்கிறது. ஆசாரமான வீட்டில் அதை எப்படி நுழைப்பது? புளியங்கொட்டையை வறுத்து, ஊறவைத்து, அரைத்துக் காய்ச்சிய பசைதான். அத்தையின் அம்மியில்தான் அரைப்பு.

பெட்டியைச் சும்மாதான் கொடுப்பார். கொடுத்துவிட்டு விட்டுவிட மாட்டார், அதுதான் உபத்திரவம். எங்கள் தெருவில் ஒரு டாக்டர் இருந்தார். அவர் வீட்டில் ஒரு நாள் பெட்டியைத் திறந்து பார்த்த அத்திம்பேர் பதறிப்போனார். உள்ளே, கசக்கிற கொயினா மாத்திரை.

"ஏன் மாமி, இது வெல்லத்துல பிறந்த பெட்டி. இதுக்குள்ளே போயா கொயினாவை வெச்சேள்? பாவம், வாயைத் திறந்து சொல்லத் தெரியாதுன்னுதானே!"

டாக்டர் சம்சாரம் அன்றைக்கே கொயினாவை எடுத்துவிட்டு அதில் கற்கண்டு போட்டு வைத்தாள்.

வாயைத் திறந்து சொல்லத் தெரியாதது என்றால் அந்தத் தெருவில் நானும் ஒருத்தி. நாலாம் கிளாஸ் வரை படித்தேன். அங்கேயும் வாத்தியார் கேட்டால் விடை தெரிந்தும் சொல்ல மாட்டேன். பெரியவர்கள் எதிரில் எனக்கு இரண்டே வார்த்தைதான், 'ஆமாம்', 'இல்லை'. எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது அத்திம்பேர் சொன்னார், "கொழந்தே, நீயோ பேச மாட்டே. உனக்கு நான் ஒரு பெட்டி பண்ணித் தரேன். புக்காத்துல நீ வாயைத் திறக்க வேண்டாம், பெட்டியைத் திறந்தா போறும். நம்ம ஆத்துப் பெருமையை அதுவே சொல்லிக்கும்."

அந்தப் பெட்டிக்கு அவர் மரம் சேர்த்த மாதிரி யாரும் சீர் சேர்த்திருக்க மாட்டார்கள். நீளப் பக்கம் இரண்டுக்கும் எங்கள் வீட்டுப் பழைய கொல்லைக் கதவு, பலா. குறுக்குப் பக்கங்களுக்கு வெல்லப்பெட்டியின் மாம்பலகை. மூடிக்கு எங்கோ இடித்த வீட்டு ஜன்னலின் தேக்கு. அடிப்பலகைதான் கிடைக்கவில்லை. அதற்காகச் சாலைக்கு அலைந்தார். ஒரு நாள் முகமெல்லாம் சிரிப்பாக வந்து, எங்கள் கூடத்தில் எல்லாரையும் கூப்பிட்டு ஒரு பலகையைக் காட்டினார். அதன் மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

"மோந்து பாருங்கோ. கடல்! இது கப்பல்ல வந்த பலகையாக்கும். கொழும்போ, சீமையோ தெரியலை. கடைக்காரப் பிள்ளை என்ன சொன்னான் தெரியுமோ? 'சாமி, அது கடலோரக் கடப்புறத்துலேருந்து வந்ததாக்கும், சாமிக்கு வேண்டாம்'னான். வேண்டாம்னு சொன்னா நமக்கு ஆசை ஜாஸ்தியாகும் பாருங்கோ, அது வியாபாரத் தந்திரம். நான் விடுவேனோ!"

அப்பா முகர்ந்து பார்த்தார். "ஆமாம், சுவாமி ஆராட்டுக்குச் சங்குமுகம் கடற்கரைக்குப் போனா இந்த வாசனைதான்." அம்மா முகர்ந்து பார்த்தாள். நானும் முகர்ந்தேன். பச்சையும் உப்புமாக என்னவோ ஒன்று தெரிந்தது. கடல் என்றே நினைத்தேன். நான் கடலைப் பார்த்ததே ஒரே ஒரு முறைதான்.

அவர் அதைக் கழுவி, வெயிலில் காயவைத்து, இழைத்தார். அதிலிருந்து பிடுங்கிய ஆணிகளையே நிமிர்த்தி, வாயில் வைத்துக்கொண்டு, அதே பலகையைப் பெட்டிக்கு அடித்தார். பங்குனி வெயிலில் அது ஒரு வாசனையும் இல்லாமல் சமர்த்தாகக் கிடந்தது.

சித்திரையில் கல்யாணம். புக்ககம் வலியசாலை. கரமனையிலிருந்து நடந்தே வரலாம். என் மாமனார் பூஜை, புனஸ்காரம் என்றால் உயிரை விடுவார். மாமியாருக்கு வாய் அதிகம், வேலை சுத்தம். என் பெட்டியைப் பார்த்ததும் அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

"இவ்வளவு அழகா இருக்கு, இதுல போய்ச் சீப்பும் மையுமா வெப்பா? பூஜைக்கு இருக்கட்டும். தரயா?"

"ஆமாம்" என்றேன். பச்சைக் கற்பூரமும் விபூதியும் சந்தனக் கட்டையும் அதில் குடியேறின. சுவாமி அலமாரியில் சாளக்கிராமத்துக்குப் பக்கத்தில் என் பெட்டி. அத்திம்பேர் வந்து பார்த்துவிட்டு, சொந்தப் பெண் மகாராணியான மாதிரி பூரித்துப்போய் இரண்டு டம்ளர் காப்பி குடித்துவிட்டுப் போனார்.

வைகாசி நடுவில் இடவப்பாதி மழை பிடித்தது. வீடெல்லாம் ஈரம். பூஜை உள்ளில், அந்த அறை முழுக்க, ஒரு நாற்றம் புறப்பட்டது.

முதலில் எலி என்றார்கள். அலமாரியை நகர்த்திப் பார்த்தார்கள், பரணில் தேடினார்கள், ஓட்டைப் பிரித்துப் பார்த்தார்கள். எலி இல்லை. சாம்பிராணி போட்டார்கள். அதோடு சேர்ந்து அது வேறு மாதிரி மணந்தது. மாமனார் மூக்கில் துணியைச் சுற்றிக்கொண்டு பூஜை செய்தார். அந்த வீட்டில் ஒருவருக்குமே அது என்ன நாற்றம் என்று தெரியவில்லை. தெரிந்திருக்க வழியும் இல்லை.

மழை சற்று விட்ட ஒரு காலையில் பூஜை சாமான்கள் அத்தனையையும் கொல்லையில் கொண்டுவந்து பரப்பினோம், உள்ளைக் கழுவுவதற்காக. பசுவுக்குப் புல் கொண்டுவருகிற மலையாளத்துக்காரி கட்டை இறக்கினவள், அப்படியே நின்று மூக்கை விரித்தாள். என் மாமியாரை ஒரு மாதிரி பார்த்தாள்.

"அம்மே, இது உணக்கமீனல்லே?"

"என்னது?"

"உணக்கமீன், அம்மே. கருவாடு. நல்ல நெத்தோலியாக்கும்." ஒவ்வொரு சாமானாகப் பார்த்துக்கொண்டே வந்து என் பெட்டிக்கு முன்னால் குந்தினாள். தொடவில்லை. "இதிலேருந்தாக்கும். இந்தப் பலகையிலே வெச்சு வெயிலிலே உணக்கியிருக்கும்." அவள் வாயில் எச்சில் ஊறியதை நான் பார்த்தேன். "என்ன ஒரு மணம்!"

அதற்கப்புறம் நடந்ததை விவரிக்க வேண்டாம். சாஸ்திரிகள் வந்து தீட்டுப் போகப் புண்ணியாகவாசனம் செய்தார். மாமனார் ஒரு வேளை சாப்பிடவில்லை. பெட்டியை அடுப்பில் போடலாம் என்றால், எரித்தால் தெரு முழுவதும் மணக்கும் என்று பயம். அதனால் அது கிணற்றடியில், மாட்டுத் தொழுவத்தின் ஓரத்தில் போடப்பட்டது.

"கோத்திரம் கேட்டுத்தான் பொண்ணு எடுத்தோம். பெட்டிக்கும் கேட்டிருக்கணும் போல இருக்கு" என்று மாமியார் என்னிடம் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்திம்பேர் வருவாரே, வந்து கேட்பாரே என்றுதான் இருந்தது.

வந்தார். கொட்டுகிற மழையில் குடையோடு வந்தார்.

"பெட்டி சௌக்கியமா?"

"உங்க பெட்டி ஆத்துக்குள்ளே இல்லை. கிணத்தடியிலே இருக்கு. தீட்டு" என்றாள் மாமியார்.

"பெட்டிக்குமா தீட்டு?" என்று சிரித்துக்கொண்டே கொல்லைக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். பெட்டியை எடுத்தார். வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு ஓர் இழுப்பு இழுத்தார்.

"கடல்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார்.

"கடல்லேருந்து வந்ததுதான், சந்தேகமென்ன?" என்றாள் மாமியார் பின்கட்டிலிருந்து. "கப்பல்ல வரலை. வலையிலே வந்தது. அந்தப் புல்லுக்காரி மோந்து பாத்துச் சொல்லிட்டா, நெத்தோலிக் கருவாடுன்னு."

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். மெதுவாக அவர் கை வாய்க்குப் போயிற்று.

"அந்த ஆணியெல்லாம்..." என்றார்.

கிணற்றில் தண்ணீர் இறைத்து வாய் கொப்பளித்தார். மறுபடியும் இறைத்தார், மறுபடியும் கொப்பளித்தார். மழை அவர் தலையில் கொட்டிக்கொண்டிருந்தது. என் மாமியாருடைய சிரிப்பு நின்றுபோயிற்று. "உள்ளே வாங்கோ, காப்பி கலந்திருக்கேன்" என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். அவர் கொல்லை வாசல் வழியாகவே போய்விட்டார். குடை எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது.

கொஞ்ச நாள் கழித்து அத்தை வந்தபோது சொன்னாள். அவர் ஒவ்வொரு வீடாகப் போய், கொடுத்த பெட்டிகளைத் திருப்பிக் கேட்கிறாராம். "எது எங்கேருந்து வந்ததோ, நான் சொன்னதை நம்பாதீங்கோ" என்கிறாராம். யாரும் கொடுக்கவில்லை. டாக்டர் சம்சாரம், "எங்க பெட்டி கற்கண்டா மணக்கறது, போங்கோ" என்று கதவைச் சாத்திவிட்டாளாம். ரம்பம், இழைப்புளி எல்லாம் பரணுக்குப் போய்விட்டன.

"வெறுங்கையோட ஆத்துக்கு வராரடீ" என்றாள் அத்தை. இத்தனை வருஷமாகப் பலகையைத் திட்டியவள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ரசம் கொதிக்கிறது, என்ன ரசம்னு கேட்டா, 'நீயே சொல்லு, என் மூக்குக்கு என்ன தெரியும்'கறார்."

பெட்டி கிணற்றடியிலேயே கிடந்தது. போகும்போதும் வரும்போதும் அதைப் பார்க்காத மாதிரி போவேன். ஒரு காலை தண்ணீர் சேந்தப் போனபோது, மழை நேரே அதன் மேல் விழுவதைப் பார்க்கப் பொறுக்காமல், தள்ளி வைக்கலாம் என்று தூக்கினேன். பெட்டி கையோடு வந்தது. அடிப்பலகை தரையிலேயே இருந்துவிட்டது.

உப்புப் பலகையில் அடித்த ஆணிகள் துருவேறிப் பொடியாகியிருந்தன. புளியங்கொட்டைப் பசை மழையில் கரைந்துபோயிருந்தது. ஆசாரி சொன்னபடி ஒன்று வீங்கி, ஒன்று வீங்காமல், அடிப்பலகை தானாகவே கழன்றுகொண்டது. நான் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, மிச்சமிருந்ததைப் பயந்து பயந்து முகர்ந்தேன். வெல்லம். எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவு. வேறு ஒன்றும் இல்லை. மீன் அந்த ஒரு பலகையோடு நின்றிருந்தது.

புல்லுக்காரி வந்தபோது அடிப்பலகையைக் கண்ணால் காட்டினேன். சந்தோஷமாகப் புல் கட்டின கயிற்றில் வைத்துக் கட்டிக் கொண்டுபோனாள்.

பிறகு அடுக்களை வாசலில் போய் நின்றேன். ரொம்ப நேரம் நின்றிருக்க வேண்டும்.

"என்ன பொண்ணே, தூணுக்குப் பதிலா நிக்கறயா?" என்றாள் மாமியார்.

"அம்மா, அடிப்பலகை மட்டும்தான் மீன். அது கழண்டு போயிடுத்து. பாக்கியெல்லாம் வேற வேற கோத்திரம். ஒரு பலகை கிடைச்சா அத்திம்பேர்கிட்டக் கொடுத்து அடிச்சுக்கலாம்."

மாமியார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்த வீட்டில் நான் சேர்ந்தாற்போல் அவ்வளவு வார்த்தை பேசினது அதுதான் முதல் தடவை. எழுந்து வந்தாள். பெட்டியை என் கையிலேயே பிடித்திருக்கச் சொல்லி, பக்கம் பக்கமாக மூக்கை வைத்துப் பார்த்தாள். மூடியையும் விடவில்லை.

"சரிதான்" என்றாள். "பரண்ல ஒரு உடைஞ்ச மணை இருக்கு, எடு."

எடுத்துக் கொடுத்தேன். நடுவில் பிளந்த பழைய மணை. அதில் பாதியைத் துடைத்து என்னிடம் நீட்டினாள்.

"இது என் கல்யாணத்துக்கு நான் உக்காந்த மணையாக்கும். தீபாவளிக்குத் தீபாவளி இதுல உக்காத்தி வெச்சுத்தான் எண்ணெய் தேய்ப்பா. ஆனா நீ போய் இதைச் சொல்லிடாதே, கேட்டையா? உங்க அத்திம்பேரே மோந்து சொல்லட்டும்."

"சொல்லலைன்னா?"

"சொல்ல வைக்க உனக்குத் துப்பில்லையோ?"

ஆடிக்குப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப்போக அப்பா வந்தார். துணி மூட்டைக்குள் அடியில்லாத பெட்டியும் பாதி மணையும் கரமனைக்கு வந்தன. அன்று சாயங்காலமே எதிர்ச் சரகுக்குப் போனேன்.

அத்திம்பேர் கூடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். அவர் கை சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை.

"வா கொழந்தே. சௌக்கியமா? மாமியார் சௌக்கியமா? மாமனார் சௌக்கியமா?"

அதோடு நிறுத்திக்கொண்டார். நான் கொஞ்சம் காத்துப் பார்த்தேன்.

"பெட்டியைக் கேக்கலையே, அத்திம்பேர்" என்றேன்.

பெட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். ஓட்டை வழியாகத் தரை தெரிந்தது. பக்கத்தில் மணையை வைத்தேன்.

"இதை அடிக்குப் போடணும். என்ன கோத்திரம்னு பாருங்கோ."

"வேண்டாம்மா. ஆசாரிகிட்டக் கொடு. என் மூக்கை நம்பி உங்காத்துச் சுவாமியை என்ன பாடு படுத்திட்டேன்." முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அடுக்களை நிலையில் அத்தை வந்து நின்றாள். மணையை எடுத்து நானே மூக்கருகில் வைத்து, அவர் மாதிரியே கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன்.

"எனக்குத் தெரியறது. இது தேயிலைப் பெட்டிப் பலகை."

சுவரைப் பார்த்தபடியே அவர் சொன்னார், "தேயிலைப் பெட்டி இவ்வளவு கனமா இருக்குமோ?"

"இது கப்பல்ல வந்தது, அத்திம்பேர்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். அத்திம்பேர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். கோபிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் உதட்டோரம் துடித்தது.

"கொடுடீ அசடே இங்கே" என்று மணையை வெடுக்கென்று பிடுங்கினார்.

கண்ணை மூடினார். இழுத்தார். ரொம்ப நேரம் மூடியே இருந்தார்.

"தேயிலையாம், கப்பலாம்! பலாடீ இது. நல்லெண்ணெய் குடிச்சிருக்கு, வருஷக்கணக்காக் குடிச்சிருக்கு. அதுக்கும் அடியிலே மஞ்சள்... இரு, பேசாதே... யாரோ கல்யாணப் பொண்ணு உக்காந்த மணையாக்கும் இது." கண்ணைத் திறந்தார். "உங்க மாமியாரோ?"

"ஆமாம்."

"அவாளாக் கொடுத்தாளா?"

"இல்லை. நான் கேட்டேன்."

"நீயா? வாயைத் திறந்தா?"

"ஆமாம்."

அவர் பெட்டியைத் தூக்கி நீளப் பக்கத்தைத் தடவினார். மணையைத் தடவினார். "இதுவும் பலா, அதுவும் பலா" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். நான் பயந்தேன், ஒரே மரம், சேர்க்க மாட்டாரோ என்று.

"மரம் ஒண்ணுதான். ஆனா கோத்திரம் வேற" என்றார் கடைசியில். "ஒண்ணு பொறந்தாத்துக் கதவு. ஒண்ணு புக்காத்து மணை. பேஷாச் சேரலாம்."

அப்புறம் அடுக்களைப் பக்கம் பார்த்து, "என்னடீ பாத்துண்டு நிக்கறே? புளியங்கொட்டையை வறு" என்றார்.

அத்தை வறுத்தாள். நானே பரணில் ஏறி ரம்பத்தையும் இழைப்புளியையும் ஆணி டப்பாவையும் இறக்கிக் கொடுத்தேன். அவர் மணையை அளந்து, அறுத்து, இழைத்து, பசை தடவிப் பெட்டியின் அடியில் பொருத்தினார். டப்பாவிலிருந்து ஒரு பழைய ஆணியை எடுத்து, கல்லில் வைத்து நிமிர்த்தி, வாய்க்குக் கொண்டுபோனார்.

வாய்க்கருகில் கை நின்றது. ஆணியை ஒரு தடவை முகர்ந்து பார்த்தார். பிறகு உதட்டில் இடுக்கிக்கொண்டு, அடுத்த ஆணிக்குக் கையை நீட்டினார்.